ஒளி ஊசியும் போனக்காட்டுப் பெண்களின் முழங்கால்களும்

ஒவ்வோர் ஆண்டும் தை பிறந்ததும் போனக்காட்டில் ஆள் நடமாட்டம் கூடிவிடும். அகத்தியர்கூடம் ஏற வனத்துறையிடம் அனுமதி வாங்கியவர்கள் திருவனந்தபுரத்திலிருந்து விதுரா, காணித்தடம் சோதனைச் சாவடி வழியாக வந்து இறங்குவது இங்கேதான். 1,868 மீட்டர் உயர மலையைத் தொட்டுவர முழங்கால் ஒத்துழைக்க வேண்டும் என்பதால், மாதக் கணக்கில் நடைப்பயிற்சி செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். அவர்கள் நடக்கத் தொடங்கும் இடத்தில் இருக்கிற பழைய தேயிலைத் தோட்டத்து லயங்களில், அதாவது வரிசை வீடுகளில், முப்பது நாற்பது ஆண்டுகள் கொழுந்து கிள்ளி ஓய்ந்த பெண்கள் வாழ்கிறார்கள். திண்ணையிலிருந்து எழ அவர்களுக்குச் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கட்டுரை அவர்களுடைய முழங்கால்களைப் பற்றியது. முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு வலியைக் குறைக்கவும் விரைவில் நடக்கவும் ‘லேசர் அக்குபங்சர்’ உதவும் என்று நகரத்துச் சிகிச்சை மையங்கள் சொல்லிவருகின்றன. கேள்விப்படுகிறவர்கள் ஊரில் வந்து சொல்கிறார்கள். ஊசி இல்லை, ரத்தம் இல்லை, ஒளி மட்டும்தான் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? அந்த ஆசையை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால், அதற்குச் செலவழிக்கும் பணமும் கவனமும் முதலில் எங்கே போக வேண்டும் என்று கேட்காமல் விட முடியாது.

கொழுந்து எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு, முழங்கால் ஏன் முதலில் தேய்கிறது என்று விளக்க வேண்டியதில்லை. சரிவில் நிற்கும் பெண்ணுக்கு ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. செடிகளுக்கு நடுவே நேராக நிற்க இடம் கிடையாது. இடுப்பைத் திருப்பி, மடங்கிய முழங்காலில் பாரத்தைத் தாங்கிக்கொண்டே இரண்டு கைகளும் வேலை செய்யும். இலை நிறைய நிறைய முதுகில் கனம் ஏறும். மழைக்காலத்தில் வழுக்காமல் இருக்கப் பெருவிரலை மண்ணில் ஊன்றுவார்கள். எடை போடும் இடத்துக்கு அந்தச் சுமையோடு இறங்குவதுதான் ஏறுவதைவிடக் கொடுமை. படி இறங்கும்போது முழங்கால் மூட்டில் உடல் எடையைப் போல மூன்று மடங்குக்கும் மேலான பாரம் விழுகிறது என்று, செயற்கை மூட்டுக்குள்ளேயே அளவுகருவி பொருத்திச் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதில் முதுகுச் சுமையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு வீட்டுக்கு வந்து விறகு, தண்ணீர், தரையில் உட்கார்ந்து சமையல், குத்தவைத்து உட்காரும் கழிப்பறை.

இந்தியாவில் நகரமும் கிராமமுமாகப் பல இடங்களில் 5,000 பேரிடம் நடத்தி 2016-ல் வெளியான ஆய்வு ஒன்றில், 28.7 சதவீதம் பேருக்கு முழங்கால் தேய்மானம் இருந்தது. பெண்களிடம் அது இன்னும் அதிகம். தோட்டங்களில் மட்டும் தனியாக எடுத்தால் கணக்கு எங்கே நிற்கும் என்பதை லயத்து வாசலில் அரை மணி நேரம் நின்றால் ஊகித்துவிடலாம்.

போனக்காட்டுக்கு மேலும் ஒரு சுமை உண்டு. வெள்ளைக்காரர் காலத்தில் உருவாகி, பின்னர் தனியார் கைக்குப் போய், கடைசியில் முடங்கிப்போன தோட்டம் இது. தொழிற்சாலை துருப்பிடித்துக் கிடக்கிறது. தமிழகத்திலிருந்து வந்து தலைமுறைகளாக இங்கே உழைத்த குடும்பங்களின் இளைஞர்கள் வேறு வேலை தேடி வெளியே போய்விட்டார்கள். சம்பள நிலுவைக்கும் கிராஜுவிட்டிக்கும் காத்திருந்து முதியவர்கள் லயத்திலேயே தங்கிவிட்டார்கள். தொழிலாளிக்கு வீடு, குடிநீர், கழிப்பிடம், மருத்துவ வசதி எல்லாம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு என்றது 1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். தோட்டமே முடங்கிய பிறகு அந்தப் பொறுப்பு யாருடையது என்பதற்கு இன்றுவரை தெளிவான பதில் கிடைக்கவில்லை.

ஒரு நல்ல மாற்றத்தையும் சொல்ல வேண்டும். மூட்டு மாற்று அறுவை சிகிச்சை இன்று பணக்காரர்களுக்கு மட்டுமானது இல்லை. 2000-ம் ஆண்டு அக்டோபரில் பிரதமர் வாஜ்பாய்க்கு மும்பையில் இடது முழங்கால் மாற்றப்பட்டபோதுதான் இப்படி ஒரு சிகிச்சை இருப்பதே நாட்டில் பலருக்குத் தெரிந்தது. அடுத்த ஆண்டு வலது கால். அறுவை செய்த சித்தரஞ்சன் ரணாவத் இந்தூரில் மருத்துவம் படித்தவர். இன்று உலகமெங்கும் பொருத்தப்படும் செயற்கை மூட்டுகளுக்கு மூலவடிவமான ‘டோட்டல் காண்டிலர்’ மூட்டை 1970-களில் நியூயார்க்கில் உருவாக்கிய மூவரில் ஒருவர். அப்போது அது பிரதமருக்கான சிகிச்சை. 2017 ஆகஸ்ட் 16 அன்று மத்திய அரசு செயற்கை மூட்டுக்கு உச்ச விலை நிர்ணயித்தது. அதுவரை சராசரியாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்ற கோபால்ட் குரோமியம் மூட்டின் விலை, ஜிஎஸ்டி நீங்கலாக ரூ.54,720 ஆனது. கேரளத்தில் 2019-ல் தொடங்கிய காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா திட்டம், குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி ஒருவர் அரசு மருத்துவமனையில் மூட்டு மாற்றிக்கொள்வது கனவு என்ற நிலை போய்விட்டது.

ஆனால், காப்பீட்டு அட்டையின் கை அறுவை அரங்கோடு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஆபரேஷன் என்னவோ ஒன்றரை, இரண்டு மணி நேர வேலை. அந்தக் கால் உண்மையில் காலாவது அதற்குப் பிறகான மூன்று மாதங்களில்.

அந்த மூன்று மாதங்களில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். அறுவை முடிந்த அன்றோ மறுநாளோ எழுப்பி வாக்கர் பிடித்து நடக்கவைப்பார்கள். ரத்தம் உறையாமல் இருக்கப் பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கச் சொல்வார்கள். தொடைத் தசையை இறுக்கித் தளர்த்துவது, காலை நீட்டியபடி தூக்குவது, குதிகாலைப் படுக்கையில் வழுக்கிப் பின்னால் இழுத்து முட்டியை மடக்குவது என எல்லாம் எளிய பயிற்சிகள்தான். எளிது என்பது எழுதுகிறவருக்கு. தையல் போட்ட, வீங்கிச் சிவந்த காலை மடக்குகிறவருக்கு உயிர் போய் வரும். இரவில்தான் வலி கூடும். தூக்கம் கெட்டவர் காலையில் பயிற்சியைத் தவிர்ப்பார். தவிர்த்தால் மூட்டைச் சுற்றித் தழும்புத் திசு இறுகும். முதல் ஆறு வாரத்தில் 90 டிகிரிகூட மடங்காமல் போனால் நாற்காலியில் சரியாக உட்கார்ந்து எழுவதே பாடாகிவிடும். சில நேரம் மயக்க மருந்து கொடுத்துக் காலை மடக்கிவிட வேண்டியிருக்கும். எல்லாம் ஒழுங்காக நடந்தாலும், மூட்டு மாற்றிக்கொண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வலி நீடிக்கிறது என்பது பல நாட்டு ஆய்வுகள் ஒப்புக்கொள்ளும் உண்மை.

ஆக, வலியைக் கொஞ்சம் குறைத்தாலே பயிற்சி நடக்கும். பயிற்சி நடந்தால் கால் மடங்கும். லேசர் அக்குபங்சர் நுழைய விரும்பும் இடம் இதுதான். தவறான இடம் என்று சொல்ல மாட்டேன். வலி மாத்திரைகளை வாரக்கணக்கில் விழுங்கினால் வயதானவர்களின் வயிறும் சிறுநீரகமும் தாங்காது. மருந்தில்லாமல் வலி குறைக்கும் வழி எதுவானாலும் அதைத் திறந்த மனதோடு பார்க்கத்தான் வேண்டும்.

முறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அக்குபங்சர் புள்ளிகளில் ஊசி குத்துவதற்குப் பதில், பேனா போன்ற ஒரு கருவியின் முனையை வைத்து மெல்லிய லேசர் ஒளியைச் சில விநாடிகளிலிருந்து ஓரிரு நிமிடம் வரை செலுத்துவார்கள். முழங்காலுக்கு என்றால் முட்டிச் சிப்பிக்கு மேலே, உட்புறத் தொடையில், முட்டிக்கு நான்கு விரற்கடை கீழே வெளிப்புறத்தில் என்று புள்ளிகள் அமையும். அறுவைக்கு உதவும் லேசரைப் போல இது சதையை வெட்டாது, சுடாது. பெரும்பாலும் 500 மில்லிவாட்டுக்குக் குறைவான திறன். நோயாளிக்குத் தொடு உணர்வைத் தவிர வேறெதுவும் தெரியாது. இதில் பயன்படும் அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விழித்திரையைக் கெடுக்கும் என்பதால் நோயாளியும் சிகிச்சை தருபவரும் அதற்கான கண்ணாடி அணிய வேண்டும். கண்ணாடி தராமல் கருவியை எடுக்கும் இடத்திலிருந்து உடனே எழுந்து வந்துவிடுவது நல்லது.

இதன் வேர் சீனத்தில் பாதி, ஹங்கேரியில் பாதி. 1960-ல் முதல் லேசர் பிறந்தது. 1967-ல் புடாபெஸ்ட் மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர், முடி மழித்த எலிகளின் மேல் மெல்லிய லேசரைப் பாய்ச்சினார். ஒளி பட்ட இடத்தில் முடி வேகமாக வளர்ந்ததைக் கண்டார். செல்லுக்குள் ஆற்றல் தயாராகும் இடத்திலுள்ள ஒரு நொதி இந்த ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது, அதனால் வீக்கமும் வலியும் தணிகின்றன என்பது இன்று அதிகம் முன்வைக்கப்படும் விளக்கம். இந்தியாவுக்கு அக்குபங்சர் வந்த கதையும் சுவையானது. 1938-ல் போரில் சிக்கிய சீனத்துக்கு இந்தியா அனுப்பிய ஐந்து மருத்துவர்களில் கோட்னிஸ் எல்லோருக்கும் தெரிந்த பெயர். அதே குழுவில் இருந்த பிஜய் குமார் பாசு, பின்னாளில் மீண்டும் சீனம் சென்று கற்று, 1959-ல் கொல்கத்தாவில் அக்குபங்சர் சிகிச்சையைத் தொடங்கினார். மேற்கு வங்கம் 1996-லும் மகாராஷ்டிரம் 2015-லும் இதற்குத் தனிச் சட்டம் இயற்றின. 2019-ல் மத்திய அரசும் இதை ஒரு சிகிச்சை முறையாக அங்கீகரித்தது.

அங்கீகாரம் இருக்கிறது என்பதாலேயே பலன் நிரூபணமாகிவிட்டது என்று பொருள் இல்லை. ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

2014 அக்டோபரில் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வு இதில் முக்கியமானது. நாள்பட்ட முழங்கால் வலியுள்ள, 50 வயது கடந்த 282 பேர். ஒரு பிரிவுக்கு ஊசி, ஒரு பிரிவுக்கு லேசர், இன்னொரு பிரிவுக்கு ஒளி வராத போலி லேசர், கடைசிப் பிரிவுக்கு எதுவும் இல்லை. லேசரில் ஒரு வசதி உண்டு: கருவி ஒளியை விடுகிறதா இல்லையா என்பது நோயாளிக்கும் சிகிச்சை தருபவருக்கும் தெரியாதபடி அமைக்கலாம். ஊசியில் இது முடியாது. 12 வாரங்களுக்குப் பிறகு பார்த்தால், எதுவும் பெறாதவர்களைவிட ஊசியும் லேசரும் பெற்றவர்களுக்கு வலி கொஞ்சம் குறைந்திருந்தது. போலி லேசர் பெற்றவர்களோடு ஒப்பிட்டால் வித்தியாசமே இல்லை. ஓராண்டு முடிவில் அந்தக் கொஞ்சமும் நிலைக்கவில்லை. 2022 அக்டோபரில் இங்கிலாந்தின் ‘நைஸ்’ அமைப்பு மூட்டுத் தேய்மானத்துக்கான வழிகாட்டியைப் புதுப்பித்தபோது, அக்குபங்சரைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று நேரடியாகவே எழுதிவிட்டது.

இவை தேய்ந்த மூட்டைப் பற்றியவை. மாற்றிய மூட்டைப் பற்றியவை இல்லை. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு அக்குபங்சரை அடியோடு தள்ளுவது நேர்மையாகாது. அறுவைக்குப் பிந்தைய வலி வேறு வகை. புதிய காயத்தின் வலி. அதைப் பற்றி 2017-ல் ‘ஜாமா சர்ஜரி’ வெளியிட்ட தொகுப்பாய்வு, 39 ஆய்வுகளையும் 2,391 நோயாளிகளையும் எடுத்துக்கொண்டது. மின்தூண்டல் சிகிச்சையும் அக்குபங்சரும் பெற்றவர்கள், அபின் வகை வலிநிவாரணிகளைக் குறைவாகவும் தாமதமாகவும் கேட்டார்கள் என்பது அதன் முடிவு. அக்குபங்சரால் வலி குறைந்தது என்பதற்கான சான்றின் வலு குறைவு என்றும் அதே ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். லேசரை மட்டும் தனியாக எடுத்து, மூட்டு மாற்றியவர்களிடம் நடத்திய ஆய்வுகள் சிறு எண்ணிக்கையிலான நோயாளிகளோடு நிற்கின்றன. நம்பிக்கை தருகின்றன, முடிவு கட்டப் போதாது.

அதே தொகுப்பாய்வில் நம் மருத்துவமனைகள் படிக்க வேண்டிய இன்னொரு வரி இருக்கிறது. காலைத் தானாக மடக்கி நீட்டும் சிபிஎம் இயந்திரத்தால் வலியில் பெரிய பலன் தெரியவில்லை. இந்த இயந்திரத்துக்கு நாள் வாடகை போட்டு பில் எழுதும் இடங்கள் நம் ஊர்களில் இன்னும் உண்டு. கருவி என்றாலே சிகிச்சை என்று எண்ணும் பழக்கம் அலோபதியிலும் இருக்கிறது, அக்குபங்சரிலும் இருக்கிறது.

லேசருக்கு ஆதரவாகவும் உண்மையாகச் சில சொல்ல முடியும். மூட்டு மாற்றியவர்கள் ரத்தம் உறையாமல் இருக்கச் சில வாரங்கள் மருந்து எடுப்பார்கள். அவர்களுக்கு ஊசி குத்தினால் ரத்தம் கட்டும். செயற்கை மூட்டில் கிருமி புகுந்தால் மூட்டையே கழற்ற வேண்டிவரும் என்பதால், காலில் தோலைத் துளைக்கும் எதையும் அறுவை மருத்துவர் விரும்புவதில்லை. ஒளி தோலைத் துளைப்பதில்லை. மூட்டுக்குள் உலோகம் இருப்பதால் ஷார்ட்வேவ் டயாதெர்மி போன்ற ஆழ்வெப்பச் சிகிச்சை அங்கே கூடவே கூடாது. மெல்லிய லேசரில் உலோகம் சூடாகும் பிரச்சினை இல்லை. ஆகவே, பயிற்சி பெற்றவர் கையில், அறுவை மருத்துவருக்குத் தெரிந்து, மற்ற சிகிச்சைகளோடு சேர்த்துச் செய்தால் பெரிய கேடு வராது. பலன் கொஞ்சம் இருக்கலாம். இதைவிட அதிகமாகச் சொல்கிறவர் எவராயினும் சான்றைத் தாண்டிப் பேசுகிறார்.

‘சேர்த்து’ என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் இதே திருவனந்தபுரத்தில், நேமம் பகுதியில், மருத்துவமனைக்குப் போகாமல் வீட்டில் நடந்த பிரசவத்தில் தாயும் சேயும் இறந்தார்கள். அந்த வழக்கில் கணவரோடு, அக்குபங்சர் சிகிச்சையாளர் ஒருவரும் கைதானார். அந்தப் பெண்ணின் மரணத்துக்கு ஊசியையோ லேசரையோ காரணம் சொல்வதில் பயனில்லை. மருத்துவமனையே வேண்டாம், மாத்திரையே விஷம் என்று போதிக்கும் ஒரு போக்கு, அக்குபங்சர் என்ற பெயரின் நிழலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் வளர்ந்திருக்கிறது. மூட்டு மாற்றியவரிடம் ‘ரத்தம் உறையாத மாத்திரையை நிறுத்துங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று ஒருவர் சொன்னால், காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய் உயிரையே எடுக்கலாம். கெண்டைக்காலில் திடீர் வீக்கம், மூச்சுத் திணறல், தையலில் சீழ், காய்ச்சல் இவற்றில் எது வந்தாலும் அறுவை செய்த மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும்.

புள்ளிகளைத் தொட்டுக் குணப்படுத்துவது இந்த மலைக்கு அந்நியம் இல்லை. சித்தர்களில் முதல்வராகப் போற்றப்படும் அகத்தியரின் பெயரைத் தாங்கிய மலை இது. இதன் தெற்கே, பழைய தென் திருவிதாங்கூர் முழுக்க, வர்மப் புள்ளிகளை அறிந்த ஆசான்கள் தலைமுறைகளாக வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். அடிபட்ட கையையும் சுளுக்கிய காலையும் அவர்களிடம்தான் கொண்டுபோவார்கள். நம்மிடம் இருப்பதை விட்டுச் சீனத்துப் புள்ளிகளுக்கு ஏன் போகிறோம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். இரண்டுக்கும் ஒரே கேள்வியை வையுங்கள். இதைச் செய்தவர்கள், செய்யாதவர்களைவிட எத்தனை நாள் முன்பாக மாடிப்படி ஏறினார்கள்? எத்தனை மாத்திரை குறைவாக விழுங்கினார்கள்?

அப்படிக் கேட்டுப் பதில் கண்ட வரலாறு இந்த மலையடிவாரத்துக்கே உண்டு. 1987-ல் அகத்தியமலையில் ஆய்வுக்குப் போன விஞ்ஞானிகள், வழிகாட்டிகளாக வந்த காணிப் பழங்குடி இளைஞர்கள் களைப்பே இல்லாமல் நடப்பதைக் கண்டு வியந்தார்கள். அவர்கள் மென்ற காய் ஆரோக்கியப்பச்சை என்ற செடியினுடையது. பாலோட்டிலுள்ள ஜவாஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அதைச் சோதனைக்கூடத்தில் ஆராய்ந்து, ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. மருந்து தயாரிக்கும் உரிமையில் கிடைத்த பணத்தில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவானது, உலகமே பேசிய முன்மாதிரி. அந்த ஏற்பாட்டில் பின்னால் சிக்கல்கள் வந்தன என்றாலும், மலையின் அறிவைச் சோதிக்கவும் வேண்டும், பலனை மலைக்குத் திருப்பவும் வேண்டும் என்ற நெறி இங்கேதான் நடைமுறைக்கு வந்தது.

லேசர் அக்குபங்சருக்கும் அதையே கேட்கிறேன். 1951-ல் தொடங்கிய திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி பக்கத்தில் இல்லை என்றாலும் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. மூட்டு மாற்றிக்கொள்ளும் நோயாளிகள் அங்கே இருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பயிற்சி. பாதிப் பேருக்கு உண்மையான லேசர், பாதிப் பேருக்குப் போலி லேசர். மூன்று மாத முடிவில் கால் எவ்வளவு மடங்குகிறது, எவ்வளவு தூரம் நடக்கிறார்கள், எத்தனை மாத்திரை எடுத்தார்கள் என்ற கணக்கு. பெரிய செலவு பிடிக்காது. தேறினால் காப்பீட்டில் சேருங்கள், விதுரா தாலுகா மருத்துவமனைக்கே ஒரு கருவி கொடுங்கள். தேறாவிட்டால், ஏழைகள் பத்து அமர்வுக்கு மொத்தமாகப் பணம் கட்டி ஏமாறாமல் இருக்க அதைப் பகிரங்கமாக அறிவியுங்கள்.

ஆனால், ஆய்வு முடியும்வரை போனக்காட்டுப் பெண்கள் காத்திருக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு உதவுவது எது என்பது ஏற்கெனவே தெரியும். சிட்னியில் நடந்து 2017 மார்ச்சில் ‘ஜாமா’வில் வெளியான ஓர் ஆய்வில், மூட்டு மாற்றிய 165 பேர் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினர் மறுவாழ்வு மையத்தில் பத்து நாள் தங்கித் தீவிரப் பயிற்சி பெற்ற பிறகு வீட்டுப் பயிற்சிக்குப் போனார்கள். இன்னொரு பிரிவினருக்குக் கண்காணிப்போடு கூடிய வீட்டுப் பயிற்சி மட்டும். ஆறு மாதம் கழித்து ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று அளந்தால், இரண்டு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. ஏழை நாட்டுக்கு இதைவிட நல்ல செய்தி என்ன வேண்டும்? விலை உயர்ந்த மையம் வேண்டாம், வீடே போதும். ‘கண்காணிப்போடு’ என்ற ஒரு சொல்லை மட்டும் விட்டுவிடக் கூடாது. கையில் ஒரு தாளைக் கொடுத்து, ‘இதில் படம் போட்டிருக்கு, பார்த்துச் செய்யுங்க’ என்று அனுப்பிவைப்பது கண்காணிப்பு ஆகாது.

லயத்தில் அந்தப் பயிற்சி எப்படி நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். குதிகாலை வழுக்கி இழுக்கும் பயிற்சிக்கு மெத்தை வைத்த கட்டில் வேண்டும், இங்கே பாய். பாயில் உட்காரவே கூடாது என்றுதான் முதல் மாதம் சொல்லியிருப்பார்கள். கட்டில் கிடைத்தால், குதிகாலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்துக் காலை இழுத்தால் எளிதாக வழுக்கும். நீட்டிய காலின் குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து முட்டியின் பின்பக்கத்தைக் கீழே அழுத்தினால் கால் முழுதாக நிமிரும். தலையணையை முட்டிக்கு அடியில் வைத்துத் தூங்கினால் இதமாக இருக்கும், ஆனால் கால் வளைந்தே இறுகிவிடும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். இத்தனையும் ஒருவர் நேரில் வந்து, அந்த வீட்டின் கட்டிலையும் படியையும் பார்த்து, காலைத் தொட்டுக் காட்டிச் சொல்ல வேண்டிய விஷயங்கள். வாரத்துக்கு இரண்டு முறை விதுராவுக்கோ நெடுமங்காடு மாவட்ட மருத்துவமனைக்கோ பஸ்ஸில் வரச் சொல்வது, காட்டுப் பாதையில் குலுங்கிக்கொண்டு வாக்கரோடு ஏறி இறங்கத் தெரிந்தவருக்கு மட்டுமே ஆகும். அவ்வளவு தெரிந்தவருக்குப் பயிற்சியே தேவைப்படாது.

மலைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருவதும் சேர்ந்திருக்கிறது. மூட்டு மாற்றியவர்களுக்கு முதல் ஆறு வாரம் கட்டாயம் வர வேண்டும் என்ற விதியை அதில் இன்னும் தெளிவாகச் சேர்க்கலாம். ஆனால் அடிப்படை அமைந்துவிட்டது. போனக்காட்டுக் குடும்பங்கள் தமிழ் பேசினாலும் ரேஷன் அட்டை கேரளத்தில். அந்தத் திட்டம் இவர்களைத் தொடாது.

கேரளத்திடம் இதைவிடப் பழைய, இன்னும் பெருமைக்குரிய அமைப்பு இருக்கிறது. 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநிவாரண இயக்கம், 2008-ல் மாநிலத்தின் கொள்கையாகி, பஞ்சாயத்து தோறும் வீடு தேடி வரும் நர்ஸாக வளர்ந்திருக்கிறது. புற்றுநோயாளியின் படுக்கைப் புண்ணைக் கழுவ ஜீப்பில் மலையேறும் நர்ஸ்களைப் பார்த்து நான் தலைவணங்கியிருக்கிறேன். அந்த ஜீப்பில் வாரம் ஒருநாள் ஒரு பிசியோதெரபிஸ்டுக்கும் இடம் கொடுத்தால் போதும். இடைப்பட்ட நாள்களில் பயிற்சியைக் கவனிக்க ஆஷா ஊழியர்களைப் பழக்கலாம். அதையும் ஊதியம் கூட்டாமல் அவர்கள் தலையில் கட்டிவிடக் கூடாது. 2025-ல் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் எட்டு மாதத்துக்கும் மேல் அவர்கள் உட்கார்ந்து போராடியது எதற்காக என்று அரசுக்குத் தெரியும்.

கழிப்பறையைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. குத்தவைத்து உட்கார முழங்கால் 130 டிகிரிக்கு மேல் மடங்க வேண்டும். மாற்றிய மூட்டு பெரும்பாலும் அவ்வளவு மடங்காது, மடக்க வற்புறுத்தவும் கூடாது. லயத்துப் பெண்ணுக்கு மூட்டு மாற்றத் தேதி குறிக்கும் அன்றே, உட்காரும் கழிப்பறையோ, குறைந்தபட்சம் நடுவில் ஓட்டை உள்ள கமோடு நாற்காலியோ அவர் வீட்டுக்குப் போய்விட வேண்டும். லயங்களைப் பழுதுபார்க்கத் திட்டம் தீட்டும்போது கூரையை மட்டும் பார்க்கிறார்கள். கழிப்பறைச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி, வாசற்படியில் ஒரு கைப்பிடிக் கம்பி. இந்த இரண்டு கம்பிகளுக்கு ஆகும் பணம், நகரத்தில் ஒளிச் சிகிச்சைக்கு ஒரு வாரம் போய்வரும் பஸ், ஆட்டோ செலவைத் தாண்டாது. கம்பி இல்லாமல் விழுந்து எலும்பு முறிந்தால் செயற்கை மூட்டைச் சுற்றிய எலும்பை ஒட்டவைப்பது, முதல் அறுவையைவிடச் சிக்கலான வேலை.

எனவே, காருண்யா திட்டத்தின் மூட்டு மாற்றுத் தொகுப்பைத் திருத்த வேண்டும். அறுவைக் கட்டணத்தோடு ஆறு வாரத்துக்கான வீட்டுப் பிசியோதெரபியும் கமோடு நாற்காலியும் வாக்கரும் அதே தொகுப்பில் இருக்க வேண்டும். நோயாளி வீடு திரும்பும்போது தரும் டிஸ்சார்ஜ் தாளில், எந்த நாளில் எந்தப் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வருவார் என்று பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதியிருக்க வேண்டும். ஆறாவது வாரம் கால் எத்தனை டிகிரி மடங்கியது என்பதை எழுதி அனுப்பினால்தான் மருத்துவமனைக்குக் கடைசித் தவணைப் பணம் என்று விதி போடுங்கள். வர முடியாத மழை நாளில் போனில் பேசியாவது கேட்கலாம். சிக்னல் இல்லாத லயத்துக்கு ஆஷா ஊழியர் நேரில் போவார். இவ்வளவும் ஆன பிறகு, லேசர் வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கு, கண்ணாடி அணிந்த, பயிற்சி பெற்ற கையால், மருத்துவருக்குத் தெரிந்து அதையும் கொடுக்கலாம்.